அப்பா சொன்ன ஆமென்

கனடாவுக்குப் போவதற்கு முன்பே நான் கனடாவுக்குப் போய்விட்டேன். நாலு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தேன். அந்தக் கனடா கிழக்குத் தாம்பரத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. ஜன்னலைத் திறக்கக் கூடாது, பாடக் கூடாது, தும்மல் வந்தால் தலையணையில் தும்ம வேண்டும். இன்றைக்கு இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன், பாதி வரைக்கும்.

அறுபதுகளின் கடைசி அது. தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். கோதுமைப் பயிரில் வரும் துரு நோயை ஆராய்ச்சி செய்ய, கனடாவின் நடுவாந்தரத்தில், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஓர் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கோதுமையை நான் ரேஷன் கடைச் சாக்கில்தான் பார்த்திருக்கிறேன். அதற்கென்ன, பேராசிரியர் ஒருவர் தன் ஆய்வகத்தில் உதவியாளர் வேலையும் சம்பளமும் தருவதாக எழுதியிருந்தார். செப்டம்பரில் வந்து சேரச் சொல்லியிருந்தார்.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் சபைக் கமிட்டிக்கு செகரட்டரியும் அவர்தான். நான் ஒரே பெண். என்னை அனுப்பி வைக்கும் வேலையை அவர் ஒரு ஜியோமெட்ரி தேற்றத்தை நிரூபிப்பது மாதிரிப் படிப்படியாகச் செய்தார். பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பணம் வாங்க பி ஃபாரம், நெஞ்சு எக்ஸ்ரே, அம்மைத் தடுப்பூசி, எதிலும் ஒரு கமா தப்பாது. மூர் மார்க்கெட்டில் பழைய ஓவர்கோட்டு ஒன்று வாங்கிவந்தார். எந்தத் துரை போட்டதோ, என்னைப் போல இரண்டு பேர் உள்ளே போகலாம். பக்கத்து வீட்டு பாய் பம்மலில் தோல் வியாபாரம் செய்தார். அவர் தன் ஆளிடம் கொடுத்துக் கோட்டைப் பிரித்துச் சிறிதாக்கி, முழங்கையில் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தக் கோட்டை விரித்தால் தோல் வாடையோடு பம்மலே வீட்டுக்குள் வந்துவிடும்.

எங்கள் சபையில் யாராவது கடல் கடந்து போனால் வழியனுப்பு ஜெபம் வைப்பார்கள். எனக்கும் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். பாட்டு, ஜெபம், கேக்கு, மிக்ஸர் எல்லாம் ஆனது. பெண்கள் ஐக்கியச் சங்கத்து ஆன்ட்டிகள் ஆளுக்கொரு மங்கி குல்லாய் கொடுத்தார்கள். கனடாக் குளிர் என்றால் தாம்பரத்து மார்கழியை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் சிநேகிதி மட்டும், "ஐஸ் ஃபாக்டரில ஒரு நாள் உக்காந்து பழகிட்டுப் போடி" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் என் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள்.

வழக்கமாக வேன் பிடித்துச் சபையே மீனம்பாக்கத்துக்கு வந்து கையசைக்கும். அதைத்தான் நான் ஆசையாக எதிர்பார்த்தேன். அப்பா எழுந்து நின்று, "புதன்கிழமை வேலை நாள். யாரும் சிரமப்பட வேண்டாம், இங்கேயே ஜெபம் பண்ணினால் போதும்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு எப்போதும் அடுத்தவர் சிரமம்தான் கண்ணில் படும். வீட்டுக்கு வந்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கனடாவிலிருந்து தந்தி வந்தது. ஆய்வகத்துப் பணம் வரத் தாமதம், இப்போது புறப்பட வேண்டாம், ஜனவரியில் வந்தால் போதும், இடம் பத்திரமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். இதிலே யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் கட்டி வைத்த டிரங்குப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அப்பா டிக்கெட்டைத் தள்ளிப்போடப் போய் வந்தார். யாரிடமும் சொல்லும் தெம்பு எங்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அப்பாவும் அம்மாவும் மட்டும் போனார்கள். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். அப்பா போய்ச் சேரும்போது ஐயர் அங்கி மாட்டிக்கொண்டு தயாராக நின்றாராம். ஆராதனை முடிந்ததும் சொல்லலாம் என்று அப்பா முன் வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐயர் நீண்ட ஜெபத்தை முடிக்கும்போது முதல் ஆமென் அப்பாவுடையதுதான். கணீரென்று சொல்வார். அதைக் கேட்டபிறகுதான் சபை முழுவதும் ஆமென் என்னும். வருஷக்கணக்காக அப்படித்தான். அன்றைக்கு ஐயர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார், கடைசியாக, "எங்கள் சபையின் மகளைச் சமுத்திரங்களைக் கடந்து பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று முடித்தார். கண்ணை மூடியிருந்த அப்பா, வாய்ப் பழக்கத்தில், கணீரென்று ஆமென் சொல்லிவிட்டார். சபையும் சொன்னது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார்.

"ஆமென் சொல்லிட்டேம்மா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாதான் நடந்ததைச் சொன்னாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆள் ஆளுக்கு அப்பா கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். 'தந்தி வந்துச்சா சார்?' என்று ஒருவர் கேட்க, அப்பா 'வந்தது' என்றாராம். அந்த மட்டும் பொய் சொல்லவில்லை என்று அவருக்கு ஒரு சமாதானம்.

"இதுக்குப் போயி ஏங்க இப்படி நிக்கிறீங்க? அடுத்த வாரம் சொல்லிட்டாப் போச்சு" என்றாள் அம்மா.

"சொல்லிடறேன். அதுவரைக்கும் பாப்பா வெளிய வர வேணாம்."

அடுத்த வாரம் போனால், நான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்காகப் பெண்கள் ஐக்கியச் சங்கம் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்திருந்தது. அதை ஐயர் பீடத்தில் நின்று வாசித்தார். ஜெபத்தில் சொன்னதையாவது ஐயர் அவசரப்பட்டுச் சொன்னார் என்று தள்ளிவிடலாம். காணிக்கை தட்டிலே விழுந்தபிறகு யார் எழுந்து நின்று, 'என் பெண் வீட்டிலேதான் இருக்கிறாள்' என்று சொல்வது? அப்பா சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "ஜனவரி வரைக்கும்தானே" என்றார். நல்ல கூத்து! அன்றிலிருந்து நான் கனடாவில் இருந்தேன்.

என்னை வெளியூருக்கு அனுப்பிவிடலாம் என்று அம்மா யோசித்தாள். பாளையங்கோட்டையில் பெரியம்மா இருந்தாள். ஆனால் எங்கள் சபையில் பாதிப் பேர் திருநெல்வேலிச் சீமை. நான் அங்கே இறங்குவதற்குள் சேதி இங்கே வந்து இறங்கிவிடும். சிங்கப்பெருமாள் கோவிலில் சித்தப்பா வீடு இருந்தது. அங்கே போக வேண்டுமானால் தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஏற வேண்டும், அந்த ஸ்டேஷனில் எங்கள் சபை ஆட்கள் இல்லாத நேரமே கிடையாது. ஆகவே சமையலறைப் பக்கத்து அறையே கதி என்றாயிற்று.

என் துணிகளைக் கொடியில் போடக் கூடாது. ஐப்பசி மழையில் அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காய வைத்தோம். காயவா செய்யும்? ஈர வாடையிலேயே உட்கார்ந்து, கோதுமைத் துரு நோய்ப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் வரும்போது ஓவர்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பேன். அப்பா பார்க்க வேண்டும் என்றே செய்வேன்.

முதலில் சந்தேகப்பட்டுக் கேட்டது பால்காரர்.

"இன்னாம்மா, பொண்ணுதான் பிளேன் ஏறிட்சே! இன்னும் அதே அளவு பாலு வாங்கிகினு கீறியே, யாருக்கு?" என்று வாசலில் நின்று கேட்டார்.

அம்மா திக்கித் திணறி, பூனைக்கு என்றாள். மறுநாள் முதல் பாலைக் குறைத்துவிட்டாள். கனடாக்காரிக்குக் காபி போச்சு.

பக்கத்து வீட்டு பாயின் மனைவிக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கிணற்றடி இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சுவருக்கு மேலே ஒரு தூக்குப் பாத்திரம் வரும். "இந்தாங்க, பிரியாணி. உங்க பொண்ணுக்குக் கனடாவுக்கு அனுப்பிடுங்க. சூடு ஆறுறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்பார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தச் சுவரடியில் மட்டும்தான்.

ஒரு நாள் என் சிநேகிதி வந்தாள். முன்னறையில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசினாள். நடுவில் ஒரு திரைதான். கை நீட்டினால் அவள் பின்னலைப் பிடித்து இழுக்கலாம்.

"அவ இல்லாம கொயர் நல்லாவே இல்ல ஆன்ட்டி. ஆல்ட்டோ குரலுக்கு ஆளே இல்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கிளைப் பாத்தாத்தான் பாவமா இருக்கு. ரொம்ப ஒடிஞ்சு போயிட்டாரு" என்றாள்.

திரைக்கு இந்தப் பக்கம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒடிஞ்சு போயிட்டாராமே! யார்? ஞாயிறுதோறும் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, வெளிநாட்டில் படிக்கிற பெண்ணின் தகப்பனாராக முன் வரிசையில் போய் உட்காருகிறவரா? மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் கோவிலில் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் வரை அப்பா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போவார். அந்த மாதங்களிலும் அப்படித்தான் போனார். அம்மா நீட்டிய காபியை வேண்டாம் என்று கையால் மறித்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். பொய்யும் சொல்லிவிட்டு இந்த ஆசாரம் வேறா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவோடு பேசுவதை அநேகமாக நிறுத்திவிட்டிருந்தேன். அவர் லைப்ரரியிலிருந்து புத்தகம் கொண்டுவந்து அறை வாசலில் வைப்பார். கனடாவைப் பற்றி எது கிடைத்தாலும் கொண்டுவருவார், பூகோளப் புத்தகமானாலும் சரி, பழைய பத்திரிகையானாலும் சரி. "அங்க இந்நேரம் பனி விழ ஆரம்பிச்சிருக்கும்மா" என்று வாசலில் நின்று சொல்வார். நான் புத்தகப் பக்கத்தைத் திருப்புவேன். கொஞ்ச நேரம் நிற்பார். போய்விடுவார்.

டிசம்பரில் வீடு வீடாகப் பாடிவரும் கேரல் குழு வந்தது. எங்கள் தெருதான் முதல் தெரு, விளக்கு வைத்த உடனே வந்துவிடுவார்கள். நான் அறை விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் நின்று பாடினார்கள். என் வரிகள் வரும் இடமெல்லாம் எனக்குத் தெரியும். அந்த இடங்களில் பாட்டு மெலிந்து போனது. வாயைத் திறந்தால் போதும், என் குரல் போய்ச் சேர்ந்துகொள்ளும். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடி முடித்து, தூரதேசத்தில் தனியாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடும் எனக்காக ஜெபம் வேறு செய்தார்கள்.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் நான் வெளியே வந்தேன். அத்தனை நாள் அடக்கியதெல்லாம் அன்றைக்குக் கொட்டியது.

"உங்களுக்கென்னப்பா! ஞாயித்துக்கிழமையானா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போயி முன்னாடி உக்காந்துக்கறீங்க. எல்லாரும் கை குடுக்கறாங்க. உங்க ஒரு ஆமெனுக்கு ஜெயில்ல கெடக்கிறது நான்தானே!"

அப்பா கேரல்காரர்களுக்குக் கொடுத்த ரோஸ்மில்க் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா. நீதான்" என்றார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

ஜனவரியில் புறப்பட்டேன். விடிகிற நேரத்தில் டாக்சி வந்தது. தெரு தாண்டும் வரை சீட்டில் குனிந்து, மங்கி குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு போனேன். அந்தக் குல்லாய்க்கு அதுதான் முதல் உபயோகம். வாசலில் பாய் வீட்டம்மா மட்டும் நின்றார். "இன்னிக்காவது பிரியாணி அங்க போய்ச் சேரட்டும்" என்று சொல்லி ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். கண் கலங்கியிருந்தார்.

மீனம்பாக்கத்தில் வேனும் இல்லை, கையசைக்கக் கூட்டமும் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான். ஒரு தூண் பக்கமாக நின்று அப்பா ஜெபம் செய்தார். முடிக்கும்போது அம்மா மட்டும் ஆமென் சொன்னாள். அப்பா சொல்லவில்லை. தொண்டை அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நானும் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைக்கவில்லை, வீம்பு. அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தது அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான்.

என் இரண்டாவது குளிர்காலத்தில் தந்தி வந்தது. மாரடைப்பு. நான் கிளம்பி வருவதென்றால் அடக்கத்துக்குப் பல நாள் கழித்துத்தான் வந்து சேர முடியும். டிக்கெட்டுக்கும் வழியில்லை. பம்மல் வாடை வீசும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை ஓரமாக இருட்டும் வரை நடந்தேன். என்னோடு அழ அந்த ஊரில் ஒரு மனுஷரும் இல்லை.

படிப்பை முடித்து ஊருக்கு வந்தபோது எழுபதுகள் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வந்த மறுநாளே சிநேகிதி ஓடி வந்தாள். கல்யாணமாகி, இடுப்பில் ஒரு குழந்தை. பேசிக்கொண்டே இருந்தவள் அப்பா படத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நீ போன புதுசுல அங்கிள் பட்ட பாடு இருக்கே, அப்பப்பா! திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போவோம். அவரு மட்டும் முன் வரிசைல தலையைக் குனிஞ்சுகிட்டு உக்காந்திருப்பாரு. செகரட்டரியே எடுக்கலன்னா பாக்க எப்படி இருக்கும்? நாங்க அவரைச் சுத்திக்கிட்டுப் போவோம். முதல் ஆமென்கூட நின்னு போச்சு. பொண்ணு பிரிஞ்ச துக்கம்னு பேசிக்குவோம். ஜனவரிக்கு அப்புறம்தான் தேறினாரு."

எங்கள் சபையில் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. மனதில் ஒரு பாவம் அறிக்கை செய்யாமல் கிடக்கும்போது அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்பார்கள். அப்படி உட்கார்ந்திருப்பவரைச் சபை முழுவதும் பார்க்கும். என் அப்பா அத்தனை பேர் பார்க்க உட்கார்ந்திருக்கிறார், மாதா மாதம், நான் வீட்டுக்குள் ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு அவரைச் சபித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

சிநேகிதி போனதும் சமையலறைக்குப் போனேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா திருவிருந்து எடுக்கலியாமே?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா உனக்கு?"

"காபிகூடக் குடிக்காமத்தானே போனாரு? நான் பாத்தேனே!"

"இன்னைக்கு ஐயர்கிட்ட சொல்லிட்டு எடுத்துருவேன்னுதான் ஒவ்வொரு தடவையும் வெறும் வயித்தோட கெளம்புவாரு. அங்க போனா வாய் வராது. அப்படியே திரும்பி வந்துருவாரு."

"நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன். நான் என்ன ஆமென்னா சொன்னேன்?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. "எங்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அந்தக் கேரல் அன்னைக்கு வெள்ளைச் சட்டைன்னு ஒரு பேச்சு பேசினியே, அப்பவும் கேட்டேன். சொல்லிட்டா என்னங்க, புள்ள மனசு ஆறுமில்லன்னு. 'ஆறாது, அழும். உள்ள கெடக்கிறது போதும், இதையும் அது தலைல கட்டாதே'ன்னாரு."

மீதியையும் அம்மாதான் சொன்னாள். நான் நிஜமாகவே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று கடிதம் வந்த அன்றைக்கே அப்பா ஐயர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஐயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "இதுக்கா சார்? அன்னைக்கே சொல்லியிருந்தா அடுத்த ஜெபத்துல திருத்திச் சொல்லிட்டுப் போயிருப்பேனே!" என்றாராம். அப்பா சிரிக்கவில்லை. செகரட்டரி பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்த ஐயர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். நியாயமில்லாத கோபம், தெரியும்.

நான் வந்த அடுத்த மாதத்து முதல் ஞாயிறு. காபி குடிக்காமல் கோவிலுக்குப் போனேன். பெண்கள் பக்கம் போகாமல் முன் வரிசையில் அப்பா உட்காரும் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். கனடாக்காரி, தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள் என்று விட்டுவிட்டார்கள். திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். சிநேகிதி என் பக்கத்தில் வந்து நின்று, "வரலியாடி?" என்றாள்.

"நீ போ" என்றேன்.

எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனது, அத்தனை பேரும் போய்த் திரும்பி வருவதற்கு. அப்பா இப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவையாவது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ரயில்வே கேட்டைத் தாண்டினால் கோவில், அவ்வளவு பக்கத்தில்தான் நான் இருந்தேன்.